அரசாணையாய் வந்த ஏகத்துவம்
அகதா கிறிஸ்டியின் ‘அக்நாட்டன்’ நாடகம் – ஒரு மதிப்பீடு

ஓர் எழுத்தாளரின் பெயர் ஒருவகை எழுத்தோடு இறுகப் பிணைந்துவிட்டால், அவர் படைத்த பிறவற்றை உலகம் எளிதில் மறந்துவிடுகிறது. ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டிக்கு (1890–1976) நேர்ந்ததும் இதுவே. 66 துப்பறியும் நாவல்கள், பல சிறுகதைத் தொகுதிகள், வேறொரு புனைபெயரில் 6 நாவல்கள் என எழுதிக் குவித்தவர் அவர். நாடகத்துறையிலும் அவர் அடைந்த வெற்றி சிறியதன்று. 1952 நவம்பரில் லண்டனில் அரங்கேறிய ‘எலிப்பொறி’, பெருந்தொற்றுக் காலத்து இடைநிறுத்தம் நீங்கலாக, இன்றளவும் நடைபெற்று வருகிறது. ஆயினும் 1937இல் அவர் எழுதிய ‘அக்நாட்டன்’ என்னும் நாடகம் 36 ஆண்டுகள் கையெழுத்துப் படியாகவே கிடந்து, 1973இல்தான் அச்சேறியது. அதன் பின்னரும் அது மேடை கண்ட தருணங்கள் மிகச் சிலவே.

மர்மக் கொலைகளைப் புனைந்த ஒருவரின் மறக்கப்பட்ட நாடகம் நமக்கு எவ்வகையில் பொருட்படத் தக்கது என்று வாசகர் வினவலாம். இந்நாடகத்தின் தலைவன், பல தெய்வ வணக்கத்தில் மூழ்கியிருந்த எகிப்தில் ஒரே தெய்வத்தை மட்டுமே வணங்க வேண்டும் என ஆணையிட்ட மன்னன். அரபு நூல்களில் ‘இக்னாத்தூன்’ என வழங்கப்பெறுபவனும் இவனே. உலகின் முதல் ஏகத்துவவாதி என்று மேலைநாட்டு ஆசிரியர் சிலர் இவனைப் புகழ்ந்தனர். திருக்குர்ஆன் பெயர் கூறாத நபிமார்களுள் இவனும் ஒருவனாயிருக்கக் கூடுமோ என்று நம்மவரிலும் சிலர் ஐயத்தோடும் ஆவலோடும் கேட்டதுண்டு. அக்கேள்வியை வரலாற்றைக் கொண்டு மட்டுமின்றி, மனித உறவுகளைக் கொண்டும் உரைத்துப் பார்க்க இந்நாடகம் இடமளிக்கிறது. அந்த நோக்கிலேயே இதனை இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

நாடகம் பிறந்த சூழல்

கிறிஸ்டியின் வாழ்வில் 1930 ஒரு திருப்பம். இராக்கிலுள்ள ஊர் என்னும் தொன்னகரில் நடைபெற்ற அகழாய்வைக் காணச் சென்றபோது, அங்குப் பணியாற்றிய மேக்ஸ் மாலோவன் என்னும் தொல்லியலாளரைச் சந்தித்து அவ்வாண்டிலேயே மணம் புரிந்துகொண்டார். இப்ராஹீம் (அலை) அவர்களின் பிறப்பிடம் எனப் பலரும் கருதும் நகர் அது. அதன் பின் இராக்கிலும் சிரியாவிலும் கணவரோடு அகழாய்வு முகாம்களில் பல பருவங்களைக் கழித்தார். மண்ணுக்குள்ளிருந்து வெளிப்படும் பானையோட்டையும் களிமண் பலகையையும் கையாலெடுத்துத் துடைத்து அடுக்கிய பழக்கம் அவருக்கு உண்டு. ஆகவே பண்டைக் கிழக்குலகம் அவருக்கு வெறும் கதைக்களமாக இருக்கவில்லை.

அக்நாட்டனைப் பற்றிய ஆர்வமும் அக்காலத்தில் ஓங்கியிருந்தது. 1887இல் எகிப்தின் அமர்னாவில் கண்டெடுக்கப்பட்ட களிமண் பலகைகள், அம்மன்னன் காலத்து அயலுறவுகளை உலகுக்கு வெளிப்படுத்தின. ஏறத்தாழ 380 பலகைகள் அவ்வாறு கிடைத்தன. அவனுடைய அரசி நெஃபர்டிட்டியின் வண்ணச் சிலை 1912இல் அதே அமர்னாவில் கிடைத்தது. 1922இல் துத்தன்காமுனின் கல்லறை திறக்கப்பட்டபோது, அவனுக்கு முன் ஆண்ட ‘சமயப் புரட்சியாளன்’ யார் என அறியப் பலரும் அவாவினர். அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டட், ஆங்கிலேயர் ஆர்தர் வைகல் ஆகியோர், அன்பும் அமைதியும் வடிவெடுத்த இலட்சியவாதியாக அம்மன்னனைத் தீட்டியிருந்தனர். கிறிஸ்டி எழுதியது அந்த ஓவியத்தைக் கண்முன் கொண்டுதான். எகிப்தியல் அறிஞர் ஸ்டீபன் கிளான்வில் அவருக்குத் துணைநின்றார்.

நாடகத்தைப் படித்த புகழ்பெற்ற நடிகர் ஜான் கில்குட், அதிலுள்ள சிறப்புகளை ஒப்புக்கொண்டபோதும், மேடையேற்ற ஆகும் செலவு மிகுதி என்றும் நகைச்சுவை போதாது என்றும் எழுதியதாகக் கிறிஸ்டி தம் தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார். பதினொரு காட்சிகள், இருபதுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள், இரண்டு தலைநகரங்கள், ஓர் ஆட்சிக்காலம் முழுவதும் நீளும் கதை என்ற இவற்றையெல்லாம் எண்ணினால் கில்குட்டின் தயக்கம் விளங்கும். 1972இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் துத்தன்காமுன் புதையற் கண்காட்சி நடந்து பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்டுகளித்த மறு ஆண்டில் நாடகம் நூலாக வெளிவந்தது. மனைவியின் நாடகங்களுள் மிக அழகியதும் ஆழமானதும் இதுவே என்பது மாலோவனின் மதிப்பீடு. அம்மதிப்பீட்டை முற்றிலும் ஏற்க நம்மால் இயலவில்லையாயினும், அவர் எதைக் கண்டு அவ்வாறு கருதினார் என்பதை உணர முடிகிறது.

கதைப்போக்கு

மூன்று அங்கங்களில் கதை நகர்கிறது. மூன்றாம் ஆமென்ஹோடப்பின் ஆட்சி முடியும் வேளையில், தீபஸ் நகரில் ஆமுன் தெய்வத்தின் பூசாரி வர்க்கம் அரசுக்கு நிகரான செல்வாக்கோடு விளங்குகிறது. கனவும் கவிதையுமாக வளர்ந்த இளவரசன், ஹோரெம்ஹெப் என்னும் இளம் போர்வீரனோடு நட்புக் கொள்கிறான். இருவரும் எதிர்த்துருவங்கள். ஒருவன் தத்துவத்தைக் காண்பவன். மற்றவன் கடமையைக் காண்பவன். எனினும் அந்நட்பு மெய்யானது.

அரியணை ஏறியதும் மன்னன் ஆமுனைத் துறக்கிறான். சூரிய வட்டில் வெளிப்படும் ஆட்டன் ஒருவனே தெய்வம் என அறிவித்து, தன் பெயரையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறான். பழைய தலைநகரைக் கைவிட்டுப் பாலைவெளியில் புதிய நகர் எழுப்புகிறான். ஓவியமும் சிற்பமும் இசையும் அங்குச் செழிக்கின்றன. ஆனால் தொலைவில் சிரியாவிலும் ஃபலஸ்தீனிலும் எகிப்துக்குக் கட்டுப்பட்ட நகரங்கள் ஒவ்வொன்றாய்ப் பகைவர் வசமாகின்றன. உதவி கேட்டு வரும் மடல்களுக்கு மன்னன் படை அனுப்ப மறுக்கிறான். குருதி சிந்துவது ஆட்டனுக்கு உவப்பன்று என்பது அவன் முடிவு. படைத்தலைவனாக உயர்ந்துவிட்ட ஹோரெம்ஹெப் மன்றாடுகிறான், பயனில்லை. இறுதியில் அவன் ஆமுனின் தலைமைப் பூசாரியோடும், அரசி நெஃபர்டிட்டியின் உடன்பிறந்தாளான நெஸ்ஸெமுத்தோடும் சேர்ந்துகொள்கிறான். மன்னன் நஞ்சினால் மாள்கிறான். ஆமுன் வணக்கம் மீள்கிறது. இளைஞன் துத்தன்காட்டன், துத்தன்காமுன் ஆகிறான். பின்னொரு காலத்தில் ஹோரெம்ஹெப்பே எகிப்தின் மன்னனாகிறான்.

நட்புக்கும் கடமைக்கும் இடையில் நசுங்கும் ஹோரெம்ஹெப்பே நாடகத்தின் மெய்யான துன்பியல் பாத்திரம் என்பது நம் கருத்து. அக்நாட்டன் தொடக்கத்தில் எத்தகையவனோ முடிவிலும் அத்தகையவனே. அவனுள் மாற்றம் நிகழ்வதில்லை. மாறுபவன் ஹோரெம்ஹெப். தான் நேசித்தவனை வீழ்த்தும் முடிவுக்கு ஒரு நேர்மையாளன் எவ்வாறு படிப்படியாக வந்து சேர்கிறான் என்பதைக் கிறிஸ்டி பொறுமையோடு காட்டுகிறார். அவனைக் கொடியவனாகத் தீட்டி எளிதாகக் கதையை முடித்துக்கொள்ளவில்லை. இந்த நடுவுநிலை நாடகத்தின் முதற்சிறப்பு.

பிப்லோஸிலிருந்து வந்த மடல்கள்

நாடகத்தின் இரண்டாம் பகுதியில் வரும் மன்றாட்டு மடல்கள் கற்பனையல்ல. இன்றைய லெபனான் கடற்கரையிலுள்ள பிப்லோஸ் நகரின் ஆட்சியாளன் ரிப்-ஹத்தா, எகிப்திய அரசவைக்கு அக்காதிய மொழியில் எழுதிய ஏறத்தாழ 60 மடல்கள் அமர்னா பலகைகளுள் உள்ளன. தானியம் தீர்ந்துவிட்டது, மக்கள் பிள்ளைகளை விற்று உண்கிறார்கள், சிறுபடையேனும் அனுப்புங்கள் என்று ஆண்டுக்கணக்கில் அவன் கெஞ்சுகிறான். உரிய உதவி வரவேயில்லை. இறுதியில் தன் நகரிலிருந்தே அவன் துரத்தப்பட்டான்.

கிறிஸ்டி இந்தப் பலகைகளின் வலிமையை நன்கு உணர்ந்திருக்கிறார். மன்னனின் கொள்கை உயர்ந்தது. அதைக் கேட்கும் எவரும் தலைவணங்குவர். ஆனால் அக்கொள்கைக்கான விலையைச் செலுத்துவது யார்? புதிய நகரின் பூங்காவில் அமர்ந்து துதிப்பாடல் இயற்றும் மன்னன் அல்லன். தொலைநகரின் மதிலுக்குள் பட்டினி கிடக்கும் நம்பிக்கையுள்ள ஊழியன். இந்த அநீதியை ஹோரெம்ஹெப் காண்கிறான், மன்னன் காண்பதில்லை. மனித குலம் முழுவதையும் நேசிக்கும் ஒருவன் தன் முன் நிற்கும் மனிதனைப் பார்க்கத் தவறுகிறான் என்னும் கூர்மையான உண்மை இங்கு வெளிப்படுகிறது.

நாடகம் எழுதப்பட்ட ஆண்டையும் நாம் மறக்கலாகாது. 1935 அக்டோபரில் இத்தாலி அபிசீனியா மீது படையெடுத்தது. 1936இல் ஜெர்மனி ரைன் பகுதியில் படைகளை நிறுத்தியது. அதே ஆண்டில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. முதல் உலகப் போரின் குருதியை மறக்காத பிரிட்டனில், இனி எக்காரணத்துக்கும் போர் வேண்டாம் என்னும் குரல் ஓங்கியிருந்தது. ஆசிரியரின் உள்நோக்கம் எதுவாயினும், அந்நாளில் நேர்மையாளர் பலரை வாட்டிய கேள்வி இந்நாடகத்தின் ஊடே ஓடுவதை எவரும் உணர்வர்.

இவ்விடத்தில் நம் வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சியை எண்ணிப் பார்ப்பது பொருந்தும். ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குறைஷியரோடு சமாதான உடன்படிக்கை செய்தார்கள். தோழர்களுக்கே கசப்பாயிருந்த விதிகளை, போரைத் தவிர்க்கும் பொருட்டு ஏற்றார்கள். அந்நேரத்தில் உம்மு ஸலமா (ரலி) அவர்களின் ஆலோசனையைக் கேட்டு அவ்வாறே செயற்பட்டார்கள். ஆனால் ஈராண்டுகளுக்குள், உடன்படிக்கையின்படி முஸ்லிம்களின் பாதுகாப்பில் சேர்ந்திருந்த குஸாஆ குலத்தார் தாக்கப்பட்டு, அவர்களின் முறையீடு மதீனாவை எட்டியபோது, அதனைச் செவியுறாதார்போல் இருந்துவிடவில்லை. பத்தாயிரவர் படையோடு மக்கா நோக்கிப் புறப்பட்டார்கள். நகர் வசமானபின் பழிவாங்காது பொதுமன்னிப்பு வழங்கினார்கள். சமாதானத்தை விரும்புவதும் நம்பி வந்தோரைக் காப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. நலிந்த ஆண்களும் பெண்களும் சிறாரும் உதவிக்குரல் எழுப்பும்போது வாளாவிருப்பதை அந்நிஸா அத்தியாயம் கடிந்துரைப்பதும் நாம் அறிந்ததே. அக்நாட்டனிடம் குறைந்தது இரக்கமன்று. தன் இரக்கத்தை ஆலோசனைக்கு உட்படுத்தும் பணிவே.

சூரிய வட்டும் தவ்ஹீதும்

இனி, நம் வாசகர் பெரிதும் எதிர்நோக்கும் கேள்விக்கு வருவோம். அக்நாட்டனின் சமயம் தவ்ஹீத் ஆகுமா?

எச்சமுதாயத்துக்கும் தூதர் அனுப்பப்படாமல் இல்லை என்றும், அவர்களுள் சிலரின் வரலாறே கூறப்பட்டது, வேறு சிலருடையது கூறப்படவில்லை என்றும் திருக்குர்ஆன் உணர்த்துகிறது. ஆகவே நைல் நதிக்கரையிலும் இறைத்தூது ஒலித்திருக்கும் என நம்புவதற்குத் தடையில்லை. யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் சிறையிலேயே உடனிருந்த கைதிகளிடம், சிதறிய பல கடவுளர் மேலா, ஏகனான இறைவன் மேலா என்று வினவியதும் வேதம் கூறும் செய்தி. ஆனால் பொதுவான இந்த நம்பிக்கையிலிருந்து, குறிப்பிட்ட ஒரு மன்னனை நபியாக்கிவிடும் முடிவுக்குத் தாவுவது அறிவுடைமையாகாது. இக்கால எழுத்தாளர் சிலர் அவ்வாறு தாவியதுண்டு. சிக்மண்ட் ஃபிராய்ட் 1939இல் வெளியிட்ட நூலில் மூஸா (அலை) அவர்களை ஆட்டன் சமயத்தோடு தொடர்புபடுத்தினார். தாமஸ் மன் தம் நெடுங்கதையில் யூசுஃப் (அலை) அவர்களை அக்நாட்டனின் அரசவையில் கொண்டுபோய் நிறுத்தினார். முன்னது ஊகம், பின்னது புனைவு. இரண்டிற்கும் வரலாற்றுச் சான்று இல்லை.

ஆட்டன் சமயத்தின் உள்ளடக்கத்தைப் பார்ப்போம். ஆய் என்னும் அரசவையாளரின் கல்லறைச் சுவரில் பொறிக்கப்பட்ட நெடிய துதிப்பாடல் உள்ளது. பறவைக்குஞ்சு முதல் கருவிலுள்ள சிசுவரை எல்லா உயிர்க்கும் வாழ்வளிக்கும் தெய்வமாக ஆட்டனை அது போற்றுகிறது. படிப்போர் உள்ளம் நெகிழ்வது உறுதி. ஆயினும் அத்தெய்வத்தை அறிந்தவன் அவன் மைந்தனான மன்னன் ஒருவனே என்பதும் அப்பாடலின் கூற்று. ஆட்டனை மன்னன் வணங்கினான். மக்கள் மன்னனையும் அரசியையும் வழியாகக் கொண்டனர். அரச குடும்பம் கதிரொளியில் திளைக்கும் காட்சி செதுக்கிய பலகைகள் அமர்னாவின் செல்வர் வீடுகளில் வழிபாட்டிடங்களில் இருந்தன. ஆக, ஆமுனின் பூசாரிகள் அகற்றப்பட்ட இடத்தில் மன்னனே ஒரே பூசாரியாகவும் ஏறத்தாழ தெய்வத்தின் பங்காளியாகவும் அமர்ந்துவிட்டான்.

அல்அன்ஆம் அத்தியாயத்தில் இப்ராஹீம் (அலை) அவர்கள் விண்மீனையும் நிலவையும் ஞாயிற்றையும் நோக்கி, மறையக்கூடிய எதுவும் இறைவனாக இருக்க இயலாது எனத் தெளிந்து கூறும் இடம் யாவரும் அறிந்தது. ஞாயிற்றுக்கோ திங்களுக்கோ தலைவணங்காது அவற்றைப் படைத்தவனுக்கே தலைவணங்க வேண்டும் என ஃபுஸ்ஸிலத் அத்தியாயம் கற்பிக்கிறது. இந்த அளவுகோலில் ஆட்டன் சமயம் ஞாயிற்றோடு நின்றுவிட்டது. ஞாயிற்றைக் கடந்து செல்லவில்லை. வட்டுக்கு அப்பாலுள்ள ஆற்றலையே மன்னன் வணங்கினான் என்று அவன் சார்பாக வாதிடுவோர் உண்டு. கிறிஸ்டியின் நாயகனும் அவ்வாறுதான் பேசுகிறான். அதற்கு இடமிருப்பதாகவே கொண்டாலும், மன்னனின் இடைத்தரகுத் தன்மை நீங்குவதில்லை.

இங்குதான் கிறிஸ்டியின் சித்திரம் குறைபடுகிறது. அவருடைய அக்நாட்டன் எளிமையானவன், சடங்குகளை வெறுப்பவன், மனிதரனைவரும் சமம் என்பவன், கி.மு. 14ஆம் நூற்றாண்டின் எகிப்திய மன்னனைக் காட்டிலும், 20ஆம் நூற்றாண்டின் நற்பண்புடைய ஆங்கிலக் கனவானையே ஒத்தவன். அவனே தெய்வ மைந்தனாகத் தன்னை நிறுத்திக்கொண்ட செய்தி நாடகத்தில் வலுவிழந்து போகிறது. பிற்கால ஆய்வுகள் அந்த அழகிய ஓவியத்தை மேலும் கலைத்துள்ளன. ஆட்சியின் 12ஆம் ஆண்டில் நூபியாவுக்கு அவன் படை அனுப்பியதையும், சிறைப்பட்டோரில் சிலர் கழுவேற்றப்பட்டதையும் கல்வெட்டுகள் கூறுகின்றன. 2006 முதல் அமர்னாவின் எளிய மக்களது இடுகாடுகளில் நடைபெற்ற அகழாய்வுகள், வளர்ச்சி குன்றிய உடல்களையும் பளுச்சுமந்து சிதைந்த முதுகெலும்புகளையும் வெளிப்படுத்தின. அவற்றுள் ஒரு பகுதியில் புதைக்கப்பட்டோர் பெரும்பாலும் 7 முதல் 25 வயதுக்குட்பட்டவர்கள். ஒளியின் நகர் எவருடைய தோள்களின்மீது எழுந்தது என்பதை அந்த எலும்புகள் சொல்கின்றன. 1937இல் எழுதிய கிறிஸ்டியால் இவற்றை அறிந்திருக்க முடியாது. இன்று படிக்கும் நாம் அறியாதவர்போல் படிக்கவும் முடியாது.

எனினும் ஒரு செய்தியை அவர் தம் காலத்து அறிஞர் பலரினும் தெளிவாகக் கண்டார். அச்சமயம் மக்களிடம் சென்று சேரவில்லை என்பதே அது. நாடகத்தில் மக்கள் பழைய தெய்வங்களின் பக்கமே நிற்கின்றனர். புதிய தெய்வத்துக்கு உருவமில்லை, கதையில்லை, இறந்தோரைக் காக்கும் வாக்குறுதியில்லை. கோயில்கள் மூடப்பட்டதால் பிழைப்பிழந்தவர்களோ பலர். அமர்னாவிலேயே, மன்னனின் கண்ணெதிரே, எளியோர் வீடுகளில் பழைய காவல் தெய்வங்களின் தாயத்துகள் கிடைத்திருப்பது கிறிஸ்டியின் உள்ளுணர்வை உறுதிசெய்கிறது. ஆமுனின் பெயரை நாடெங்கும் உளிகொண்டு அழிக்கச் சொன்ன மன்னன், தன் தந்தையின் பெயரிலிருந்த ஆமுனையும் விட்டுவைக்கவில்லை. கல்லிலிருந்து அழிந்த பெயர் நெஞ்சங்களில் நிலைத்துவிட்டது.

நபிமார்கள் எவரும் அரசாணையோடு தம் பணியைத் தொடங்கவில்லை என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். மக்காவின் பதின்மூன்று ஆண்டுகளில் ஆட்சியதிகாரம் ஏதும் இருக்கவில்லை. வீடுவீடாக, நெஞ்சுநெஞ்சாகச் சென்ற அழைப்பே இருந்தது. பிலாலும் (ரலி) சுமையாவும் (ரலி) ஆணைக்கு அஞ்சி நம்பிக்கை கொண்டவரல்லர். நம்பிக்கைக்காக ஆதிக்கத்தாரின் கொடுமையைத் தாங்கியவர்கள். அமர்னாவிலோ, நம்பியோர் பதவி பெற்றனர். மன்னன் மறைந்ததும் அவர்கள் நம்பிக்கையும் மறைந்தது. கல்லறையில் ஆட்டன் துதியைப் பொறித்துக்கொண்ட அதே ஆய், பின்னர் ஆமுன் வணக்கம் மீண்ட நாட்டில் அரியணை ஏறினார் என்பதைக் காட்டிலும் இதற்கு விளக்கம் தேவையில்லை.

விசாரணையை மறந்த கதாசிரியர்

கலை நோக்கில் நாடகத்தின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். உரையாடல் பல இடங்களில் சொற்பொழிவாக நீள்கிறது. மன்னன் பேசும்போது கருத்துகள் நடமாடுகின்றன, மனிதன் மறைந்துவிடுகிறான். நாட்டு நடப்பறிந்த தாய் டியி, பதவி வேட்கை கொண்ட நெஸ்ஸெமுத் ஆகியோர் தோன்றும் காட்சிகளில்தான் கிறிஸ்டியின் வழக்கமான கூர்மை திரும்புகிறது. ஒருவர் சொல்வதற்கும் கருதுவதற்கும் உள்ள இடைவெளியை ஒரே வரியில் புலப்படுத்தும் அவர் திறமை அங்கு மிளிர்கிறது.

இறுதி அங்கத்தில் நஞ்சு நுழைகிறது. அக்நாட்டன் எவ்வாறு இறந்தான் என்பதற்கு வரலாற்றில் சான்றில்லை. இங்கு வரலாற்றின் வெற்றிடத்தைக் கிறிஸ்டி தமக்குக் கைவந்த கருவியால் நிரப்பிக்கொண்டார். அதனால் ஓர் இழப்பு நேர்ந்தது. அதுவரை நாடகம் எழுப்பிவந்த கேள்வி, ஒரு கொள்கை ஏன் தோற்கிறது என்பது. நஞ்சு வந்ததும் அது, ஒரு மன்னன் எவ்வாறு கொல்லப்பட்டான் என்னும் சிறிய கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது. அந்தச் சதி நிகழாமலிருந்தாலும் அக்நாட்டனின் சமயம் அழிந்தே போயிருக்கும். அதுவே நாடகம் தன் போக்கில் நிறுவிய உண்மை. தான் நிறுவிய உண்மையையே முடிவு மங்கச் செய்கிறது.

இதே பொருளைக் கையாண்ட அரபு எழுத்தாளர் இருவரோடு ஒப்பிட்டால் இது மேலும் விளங்கும். இந்தோனேசியாவின் சுரபாயாவில் ஹளரமௌத் வழிவந்த குடும்பத்தில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்த அலீ அஹ்மத் பாகஸீர் (1910–1969), கிறிஸ்டி எழுதிய மறு ஆண்டில், அதாவது 1938இல், ‘இக்னாத்தூனும் நஃபர்தீத்தியும்’ என்னும் கவிதை நாடகத்தை எழுதினார். 1940இல் அது வெளிவந்தது. ஒருவர் படைப்பை மற்றவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. பாகஸீரின் நாடகம் மரபான ஈரடி யாப்பின் கட்டைத் தளர்த்தி, அரபுப் புதுக்கவிதைக்கு முன்னோடியாயிற்று. ஈராக்கியக் கவிஞர் பத்ர் ஷாகிர் அஸ்ஸய்யாப் அம்முன்னோடித் தகுதியை ஒப்புக்கொண்டார். கிறிஸ்டியின் நாடகம் அவர் எழுத்துப் பயணத்தில் ஒரு கிளைப்பாதையாக நின்றுவிட, பாகஸீரின் நாடகம் ஒரு மொழியின் கவிதை வரலாற்றில் இடம்பெற்றது.

மற்றவர் நஜீப் மஹ்ஃபூஸ். 1985இல் அவர் வெளியிட்ட நாவலில், மரியாமூன் என்னும் இளைஞன், மன்னன் இறந்தபின் அவனை அறிந்தோர் ஒவ்வொருவரையும் தேடிச் சென்று வினவுகிறான். பூசாரி ஒரு மன்னனைச் சொல்கிறார்; படைத்தலைவன் இன்னொரு மன்னனைச் சொல்கிறான்; அரசி வேறொருவனைச் சொல்கிறாள். எது மெய் என்னும் தீர்ப்பை ஆசிரியர் வழங்குவதில்லை. வியப்பு என்னவென்றால், சாட்சிகளை ஒவ்வொருவராய் வினவி உண்மையைத் தேடும் இம்முறை கிறிஸ்டியின் வாழ்நாள் தொழில். அவரோ தம் வலிமையான கருவியை ஒதுக்கிவைத்து, நேர்கோட்டில் வரலாறு சொன்னார். நஞ்சை மட்டும் உடன் கொண்டுவந்தார். மஹ்ஃபூஸ் நஞ்சை விடுத்து விசாரணையை எடுத்துக்கொண்டார். முரண்பட்ட சாட்சிகளுக்கிடையே உருவம் மாறிக்கொண்டேயிருக்கும் ஒரு மன்னனுக்கு மஹ்ஃபூஸின் வடிவமே பொருத்தமானது என்பதில் ஐயமில்லை.

நமக்குரிய பயன்

எனில் கிறிஸ்டியின் நாடகத்தில் நமக்கு எஞ்சுவது என்ன? வரலாற்று நூலாக இதனைக் கொள்ள முடியாது. நிறைவான நாடகம் என்றும் சொல்ல முடியாது. ஆயினும் சமய நம்பிக்கையுடையோர் படிக்க வேண்டிய படைப்பு இது என்றே கருதுகிறோம். தான் உண்மையின் பக்கம் நிற்பதாக உறுதிகொண்ட ஒருவன், அவ்வுறுதியையே காரணமாக்கி, பிறர் சொல்வதைக் கேளாமல் போகும் நிலை எக்காலத்துக்கும் உரியது. அரசியலில் மட்டுமன்று; இயக்கங்களிலும் நிறுவனங்களிலும் ஜமாஅத்துகளிலும் குடும்பங்களிலும் அதனைக் காண்கிறோம். உஹதுப் போரின் கசப்பான அனுபவத்துக்குப் பின்னரும், தோழர்களிடம் மென்மையாக நடக்குமாறும் காரியங்களில் அவர்களைக் கலந்தாலோசிக்குமாறும் ஆலு இம்ரான் அத்தியாயம் நபிகளாருக்கே பணிக்கிறது. வஹீயைப் பெற்றவருக்கே அவ்வாறெனில் மற்றவர்க்கு விலக்கு ஏது?

துத்தன்காமுனின் பெயரால் எழுந்த மீட்புக் கல்வெட்டு ஒன்று கெய்ரோ அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. கோயில்கள் பாழடைந்தன, சிரியாவுக்குச் சென்ற படைகள் வெற்றி பெறவில்லை, தெய்வங்கள் நாட்டைக் கைவிட்டன என்று அக்நாட்டன் காலத்தை, அவன் பெயரைக் குறிப்பிடாமலே, அது பழிக்கிறது. பின்னர் ஹோரெம்ஹெப் அக்கல்வெட்டிலிருந்த துத்தன்காமுனின் பெயரையும் நீக்கித் தன் பெயரைப் பொறித்துக்கொண்டான். ஆட்டன் கோயில்களை இடித்த கற்களைத் தான் எழுப்பிய கர்னக் வாயில் கோபுரங்களுக்குள் நிரப்பினான். அக்கற்களை அடுக்கிப் பார்த்துத்தான் இன்றைய ஆய்வாளர் அக்நாட்டனின் கோயில்கள் எவ்வாறிருந்தன என்பதை அறிந்துவருகின்றனர்.

பெயர்களை அழித்த இவ்விருவருள் எவர் பக்கமும் முழுமையாகச் சாயாமல், ஒருவரையொருவர் நேசித்தும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ள முடியாமற்போன நண்பர்களாக அவர்களைக் காட்டியதே கிறிஸ்டியின் சாதனை. இந்நாடகம் தமிழில் பெயர்க்கப்படுமாயின், அதனோடு பாகஸீரையும் மஹ்ஃபூஸையும் சேர்த்துப் பயிலும் வாய்ப்பு நம் மாணவர்க்குக் கிட்டும். ஒரே மன்னனை ஓர் ஆங்கிலப் பெண்மணியும் இரண்டு அரபு எழுத்தாளரும் எவ்வாறு கண்டனர் என்பதை அருகருகே வைத்துப் பார்க்கும் அப்பயிற்சி, ஏகத்துவம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் எதையும் தழுவிக்கொள்ளாமல் அளந்து பார்க்கும் பழக்கத்தையும் அவர்களுக்குத் தரும்.